பயிர் வந்தது, பக்குவம் வரவில்லை

(எரியோட்டில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரும் வழியில் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "சார், குவாத்தமாலான்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே, அது ஊரா, மருந்தா?" ஊர்தான் அண்ணே. தனி நாடு. மெக்சிகோவுக்குத் தெற்கே, இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகிற நிலத்தின் மேல் முனையில் இருக்கிறது. பரப்பு சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு 1 லட்சத்து 30 ஆயிரம். அதைவிடச் சின்ன நாடு. மக்கள்தொகை 1.7 கோடிக்கு மேல். இங்கே இரவு 8 மணி அடித்தால் அங்கே காலை எட்டரை, அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சுற்றுலா ஏஜெண்ட் இல்லை. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்துக் காடுகளில் மோட்டார் சைக்கிளில் அலைந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவன். குவாத்தமாலாவுக்கு எதற்காகப் போகவேண்டும் என்று என்னைக் கேட்டால், எரிமலையையும் ஏரியையும் நான் முதலில் சொல்லமாட்டேன். இந்த ஊரிலிருந்துதான் தொடங்குவேன்.

நேற்று எரியோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்தேன். வேலியில் கொடுக்காப்புளி. ரோட்டோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். கிணற்றடியில் பப்பாளி. ஒரு காட்டில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. அடுத்த தோட்டத்தில் தக்காளி, வரப்போரம் மிளகாய். ஒரு வீட்டு வாசலில் செண்டுமல்லி. குளத்துக்குள் சீமைக்கருவேலம், அதைச் சொல்லவே வேண்டாம். இப்போது சொன்னதில் ஒன்றுகூட இந்த மண்ணில் பிறந்ததில்லை. மக்காச்சோளம் தெற்கு மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு புல்லிலிருந்து மனிதர் தேர்ந்து தேர்ந்து உண்டாக்கிய பயிர். மற்றவையும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, அதை ஒட்டிய நிலம் என்று அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவைதான். போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது கொஞ்சம். மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் ஆசியாவில் கொண்டுவந்து இறக்கியது கொஞ்சம். புளியமரம்கூட ஆப்பிரிக்காக்காரன்தான், ஆனால் அதை வேறொரு கூட்டத்தில் பேசுவோம்.

"சப்போட்டா" என்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கூவி விற்கிறோமே, அது நவாட்டில் என்ற மெக்சிகோவின் பழங்குடி மொழியில் இருந்து ஸ்பானியம் வழியாக நம் வாய்க்கு வந்த சொல். அர்த்தம் தெரியாமலே அந்த மொழியில் தினமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்கிறோம். சம்பந்தி வீடு மாதிரிதான் இது. அங்கிருந்து பெண் எடுத்திருக்கிறோம், அவர்கள் ஊரை மட்டும் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

நான் போனது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நானும் வீட்டு அம்மாவும் போயிருந்தோம். நம் மாவட்டத்திலிருந்து இப்படிப் போகிறவர்கள் இப்போது எத்தனையோ பேர். போனால் நயாகராவைக் காட்டுவார்கள், ஒரு கோயிலைக் காட்டுவார்கள், மிச்ச நாளெல்லாம் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும். ஹூஸ்டனிலிருந்து குவாத்தமாலா நகரத்துக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் திருச்சி போய்ச் சேருகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் சொன்னதும், "அங்க என்னப்பா இருக்கு?" என்றாள். "மக்காச்சோளம் இருக்கு" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

போய் இறங்கி முதலில் நாங்கள் பார்த்தது சிச்சிகாஸ்தெனாங்கோ என்ற மலையூரின் சந்தை. நம் அய்யலூர் ஆட்டுச் சந்தை போல அதுவும் வியாழக்கிழமை கூடுகிறது, கூடவே ஞாயிறும். சந்தைக்கு நடுவே சாந்தோ தோமாஸ் தேவாலயம். அதற்கு 18 படிகள். அந்த மண்ணின் பழங்குடியான மாயா மக்களின் பழைய மேடை ஒன்றின்மேல் ஸ்பானியர் கட்டியது. படியில் உட்கார்ந்து கோபால் என்ற பிசினைத் தணலில் போட்டுப் புகைக்கிறார்கள். கண்ணை மூடினால் நம்மூர் சாம்பிராணிதான். உள்ளே சிலுவை, வெளியே பழைய சாமிக்குப் புகை. ஒன்றை ஒன்று துரத்தவில்லை.

1700-களின் தொடக்கத்தில் இந்த ஊரில் பாதிரியாராக இருந்த பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ், கிச்சே மாயா மக்களின் 'போபோல் வூ' என்ற பழங்கதைத் தொகுதியைக் கையால் படியெடுத்து ஸ்பானியத்தில் பெயர்த்தார். அவர் படியெடுத்ததால்தான் அது இன்றைக்கு நம் கைக்கு வந்திருக்கிறது. அதில் வரும் படைப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேவர்கள் முதலில் களிமண்ணில் மனிதனைச் செய்தார்கள், கரைந்துபோனான். மரத்தில் செய்தார்கள், நடந்தான், பேசினான், ஆனால் நெஞ்சில் ஈரமில்லை. கடைசியில் மக்காச்சோள மாவைப் பிசைந்து செய்தார்கள். அவன்தான் மனிதன். தன் உடம்பே சோளத்தால் ஆனது என்று நம்புகிறவர்கள் அந்தச் சோளத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள்? அதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

அத்தித்லான் ஏரிக் கரையில் ஒரு வீட்டில் அதைப் பார்த்தோம். ஏரியைப் பற்றி ஒரு வரி: பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் நிற்கும் நீர், கரையோரம் மூன்று எரிமலைகள் காவல். அழகு என்ற சொல்லை அதற்குச் செலவழித்துவிட்டால் மற்றவைக்கு மிச்சம் இருக்காது. எனக்கு அந்த வீட்டு அடுக்களைதான் முக்கியம். ராத்திரியே சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து அப்படியே ஊறப் போட்டிருந்தார்கள். காலையில் மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது, என் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி வாசனை. வீட்டம்மா சோளத்தைக் கையால் பிசைந்து அலச, தோல் சளசளவென்று கழன்று மஞ்சளாக நீரோடு போயிற்று. பிறகு முழங்காலிட்டு அரைக்க உட்கார்ந்தார். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்து, "ஏங்க, இது நம்ம அம்மியில்ல? காலு மட்டும் முளைச்சிருக்கு" என்றாள். அதேதான். மூன்று கால் வைத்த அம்மி, நீளமான குழவி. பெயர் மெதாத்தே. இவள் தயங்கவே இல்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து குழவியைப் பிடித்துவிட்டாள். நான்கு இழுப்பு இழுத்ததும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. மாவை வழித்துப் போடும் கை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தது.

அந்த மாவை உருட்டி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தட்டித் தட்டி ரொட்டியாக்கி, கல்லில் போடுகிறார்கள். தொர்த்தியா. காலையில் அங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் அந்த டப்டப் சத்தம் கேட்கும்.

இனி சுண்ணாம்பு விஷயம். சோளத்தில் நியாசின் என்ற சத்து இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பில் வேகும்போது அந்தப் பூட்டு திறக்கிறது, கூடவே கால்சியமும் சேருகிறது. மாயா பாட்டிகளுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் இந்தப் பக்குவம் தலைமுறை தலைமுறையாகக் கைவசம் இருந்தது. ஸ்பானியர் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். என்ன ஆயிற்று? சோளம் மட்டுமே தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலித்து, செத்துப்போகிற ஒரு நோய் வந்தது. 1735-ல் ஸ்பெயினில் காஸ்பார் காசல் என்ற மருத்துவர் அதை எழுதி வைத்தார். பிறகு இத்தாலியில் அதற்கு பெல்லாக்ரா என்று பெயர் வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. நியாசின்தான் மருந்து என்று தெரிய 1937 ஆயிற்று. இருநூறு வருடம்! அத்தனை காலமும் மருந்து குவாத்தமாலா அடுக்களையில் ஒரு சட்டியில் ஊறிக்கொண்டிருந்தது, போய் எட்டிப் பார்க்க ஆளில்லை. நம் நாட்டிலும் தக்காணத்தில் வெறும் சோளம் தின்று வாழ்ந்தவர்களிடம் இந்த நோய் இருந்ததை ஐதராபாத் ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனத்தில் சேலத்துக்காரர் டாக்டர் சி. கோபாலன் ஆராய்ந்தார். அது நாட்டுச் சோளம், காரணமும் சற்று வேறு. ஒரே தானியத்தை மட்டும் தின்னும் வறுமை மட்டும் இரண்டிலும் பொது.

இந்தப் பக்கம் அந்த நோய் இல்லை, காரணம் நாம் மக்காச்சோளத்தைச் சோறாகத் தின்பதே இல்லை. இந்த வட்டாரத்தில் விளைவதெல்லாம் நாமக்கல், பல்லடம் என்று கோழிக்குப் போகிறது. கோழி நமக்கு வருகிறது, பிரியாணியாக. அதுவும் ஒரு பக்குவம்தான், திண்டுக்கல்காரன் அதைக் குறை சொல்ல முடியுமா?

ஆனால் வயலையும் பாருங்கள். அவர்கள் சோளத்தை ஒற்றையாக விதைப்பதில்லை. சோளம், அதன் தட்டையில் ஏறும் பீன்ஸ், கீழே படரும் பூசணி, மூன்றும் ஒரே நிலத்தில். மில்பா என்று பெயர். பீன்ஸ் மண்ணுக்கு உரம், பூசணி இலை களைக்குப் பாய். நம் தாத்தாக்கள் மானாவாரியில் சோளத்தோடு மொச்சையும் தட்டாம்பயறும் கலந்து விதைத்தார்களே, அதே கணக்கு. அதை விடச் சொல்லி வீடு வீடாகப் போய் ஹைபிரிட் பாக்கெட் கொடுத்தவன் நான். எனக்கு அந்த வயலில் நின்றபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பூச்சியும் அங்கிருந்துதான் வந்தது என்பதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018-ல் மக்காச்சோளக் குருத்தைக் குடைந்து தின்ற படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது, இரண்டே வருடத்தில் கர்நாடகம் வழியாக நம் வாசலுக்கு வந்தது. அதற்கு முன் 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளைப் பஞ்சு போர்த்தினாற்போல் ஆயிற்று. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே வருடத்தில் பூச்சி அடங்கியது. வந்தவனின் ஊருக்குப் போய் அவன் பங்காளியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்த கதை இது. பயணம் போவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட ரொக்கமான பதில் என்னிடம் இல்லை.

இன்னொன்று. சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் பந்தலில் தொங்குகிற சவ்சவ் அந்த நாட்டுக் காய்தான், அங்கே அதன் பெயர் குயிஸ்கில். நாம் காயை மட்டும் கூட்டு வைக்கிறோம். அவர்கள் கொழுந்தைக் கீரையாக வதக்குகிறார்கள், கொடியின் கிழங்கையும் தோண்டி அவித்துத் தின்கிறார்கள். சிறுமலையில் அந்தக் கிழங்கைத் தின்பவரை நான் பார்த்ததில்லை. நாளைக்கு யாராவது தோண்டிப் பாருங்கள்.

இப்போது எதிர்த்திசைக் கதை. இங்கிருந்து அங்கே போனது ஏலக்காய். முதல் உலகப் போருக்கு முன்பாக ஆஸ்கார் மாயுஸ் க்லோஃபர் என்ற ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் கோபான் என்ற மலைப்பகுதியில் இதைக் கொண்டுபோய் நட்டார். 1980-களில் ஏலக்காய் ஏற்றுமதியில் குவாத்தமாலா நம்மை முந்திவிட்டது. இன்றைக்குப் போடிநாயக்கனூரில் ஏலம் கேட்கிறவர் யாராக இருந்தாலும், "குவாத்தமாலாவில இந்த வருசம் எப்படி?" என்று விசாரிக்காமல் விலை சொல்லமாட்டார். அங்கே புயல் அடித்தால் இங்கே விலை ஏறும். தாண்டிக்குடிப் பக்கம் செடி வைத்திருக்கிறவருக்கும் கோபானில் செடி வைத்திருக்கிற கெக்சி மாயா விவசாயிக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஆனால் ஒருவர் வயிற்றில் ஒருவர் கை வைத்திருக்கிறார்கள். அங்கே பச்சைக் காயாகவே தோட்டத்து வாசலில் வாங்கிப்போகிற இடைத்தரகருக்குக் கொயோத்தே என்று பெயர். குள்ளநரி மாதிரி ஒரு மிருகம் அது. பெயர் வைப்பதில் அவர்களுக்கு இருக்கிற துணிச்சல் நமக்கு இல்லை.

அந்த ஏலக்காய் பெரும்பாலும் சவுதிக்கும் மற்ற அரபு நாடுகளுக்கும் காப்பியில் போடப் போகிறது. விளைவிக்கிறவர் வீட்டுச் சமையலில் அதற்கு இடமே இல்லை. கோபானில் நாங்கள் தங்கிய இடத்தில், இது எதற்கு ஆகும் என்று என்னிடமே கேட்டார்கள். என் மனைவி பாலைக் காய்ச்சி, நாலு காயைத் தட்டிப் போட்டு டீ போட்டுக் கொடுத்தாள். பெரியவர் ஒருவர் குடித்துவிட்டு வெகுநேரம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் நம் செடியை மட்டும்தான் அங்கே கொண்டுபோனான், அதைத் தட்டிப் போடும் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை.

திக்கால் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். வடக்கே பெத்தேன் காட்டுக்குள் மாயா நகரம். அதன் நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் அளவு. கி.பி. 741 வாக்கில் எழுந்தது, தஞ்சைக்கு 270 வருடம் மூத்தது. இரும்பு உளி இல்லை, வண்டி மாடு இல்லை. அதன் வாசல் உத்தரங்கள் மரத்தால் ஆனவை, செதுக்கிய பலகைகள் இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என்ன மரம் தெரியுமா? சப்போட்டா. கரையான் அரிக்காமல் 1,200 வருடம் தாண்டி நின்றிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சப்போட்டா மரத்தை இனிக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். அந்திகுவா என்ற பழைய தலைநகர் 1773 பூகம்பத்தில் குலைந்தது, தலைநகரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்களோடு அந்த ஊர் அப்படியே நிற்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் சாயமேற்றிய மரத்தூளிலும் பூவிலும் தெரு நெடுக விடிய விடியக் கோலம் போடுகிறார்கள், ஊர்வலம் அதை மிதித்துக்கொண்டு போகிறது. அக்காதெனாங்கோ மலையில் ஏறினால் பக்கத்து எரிமலை ஃபுவேகோ நெருப்பு கக்குவதைப் பார்க்கலாம். எங்கள் முழங்கால் சம்மதிக்கவில்லை, கீழிருந்தே பார்த்தோம். அதே ஃபுவேகோ 2018 ஜூன் 3-ல் ஊர்களைப் புதைத்துப் பலரைக் கொன்றது, அது வெறும் வேடிக்கைப் பொருள் இல்லை. பெண்கள் தறியின் ஒரு முனையை மரத்திலும் மறு முனையைத் தங்கள் இடுப்பிலும் கட்டிக்கொண்டு நெய்கிறார்கள். இங்கே மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். ரவிக்கையின் பூவேலையைப் பார்த்தே அவள் எந்த ஊர் என்று அங்கே சொல்லிவிடுவார்கள்.

இந்த அழகெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது ஏமாற்று. 1952-ல் ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு தரிசாகக் கிடந்த பெருநிலங்களை எடுத்து ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் நிலமும் அதில் போயிற்று. 1954-ல் அமெரிக்க உளவுத்துறை துணையோடு ஆர்பென்ஸைக் கவிழ்த்தார்கள். 1960-லிருந்து 1996 வரை 36 வருட உள்நாட்டுப் போர், இரண்டு லட்சம் பேர் செத்தும் காணாமலும் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று 1999-ல் உண்மை ஆணையம் எழுதியது. சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையில் காய் விற்கிற அறுபது வயது அம்மாவிடம் பேரம் பேசும்போது இது நினைவிருக்கவேண்டும். ஈழத்துச் செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இருக்காது. நேரடி விமானம் கிடையாது. அமெரிக்க விசா கையில் இருந்தால் காரியம் சுலபம், ஆனாலும் விதி மாறும், டெல்லியில் உள்ள குவாத்தமாலா தூதரகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அமெரிக்காவில் ஓய்ந்துபோன பள்ளிக்கூட பஸ்களைக் கொண்டுவந்து, கலர் கலராகப் பெயிண்ட் அடித்து ஊர்களுக்கு ஓட்டுகிறார்கள். படியில் தொங்கிக்கொண்டு ஊர் பெயரைக் கத்துகிறவரைப் பார்த்தால் நம் மினி பஸ் கிளீனர் தம்பி ஞாபகம் வரும். அப்படி ஒரு பஸ் நெரிசலில் என் பர்ஸ் போயிற்று. பணம் கொஞ்சம்தான், பேரன் போட்டோ இருந்தது. இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் போகாதீர்கள். சோறு கிடைக்குமா என்று முன்வரிசை அம்மா வந்ததிலிருந்து கேட்கத் துடிக்கிறார். கிடைக்கும் அம்மா, கறுப்பு பீன்ஸோடு. பெப்பியான் என்று ஒரு குழம்பு இருக்கிறது. மிளகாய், தக்காளி, எள், பூசணி விதை எல்லாம் வறுத்து அரைத்து வைப்பது. வாயில் வைத்தால் நம் வீட்டு வறுத்தரைத்த குழம்புக்கு அண்ணன் முறை.

பேச்சு போதும். நேற்று ராத்திரி இங்கே பக்கத்து வீட்டில் இரண்டு படி மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப் போட்டுவிட்டு வந்தோம். விதைச் சோளம் இல்லை, அதில் மருந்து இருக்கும், யாரும் அதைத் தொடாதீர்கள். களத்தில் அடித்துக் காயவைத்த சோளம். தோல் கழன்றிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த வீட்டுப் பின்கட்டில் அம்மியைக் கழுவி வைத்திருக்கிறார்கள். என் மனைவி அங்கே போயாயிற்று, குழவிச் சத்தம் கேட்கிறது. தம்பி, மைக்கை அணைத்துவிட்டு நீயும் வா, ஒரு கை ஆள் குறைகிறது.